‘ஹேவ் எ வேர்ட்’ என்றால் பேச்சு, ‘ஹேவ் வேர்ட்ஸ்’ என்றால் சண்டை

ஓசூர் தொழிற்சாலைகளில் புதிதாக வேலைக்குச் சேரும் இளைஞர்களுக்கு அலுவலக ஆங்கிலம் கற்றுத்தருவது என் தொழில். பாலக்கோடு, பென்னாகரம், ஊத்தங்கரை பக்கத்துப் பிள்ளைகள். இவர்களில் பலர் தெலுங்கையும் கன்னடத்தையும் யாரும் சொல்லித்தராமலே பேசுகிறவர்கள். ஆங்கில இலக்கணத்திலும் பெரிய குறையில்லை. ஒருவரிடம் இரண்டு நிமிடம் பேச வேண்டும் என்று சொல்லப் போகும்போதுதான் சறுக்குகிறார்கள்.

‘ஹேவ் எ வேர்ட்’ என்றால் ஒருவரிடம் சுருக்கமாக, பெரும்பாலும் தனியாகப் பேசுவது. ‘ஹேவ் வேர்ட்ஸ்’ என்றால் வாய்த்தகராறு. ஷிஃப்ட் மாற்றம் கேட்டு மேற்பார்வையாளரிடம் பணிவாகவே பேசிய ஒரு மாணவர், ‘ஐ ஹேட் வேர்ட்ஸ் வித் மை சூப்பர்வைசர்’ என்று மனிதவளப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டார். நிறையப் பேசினோம், ஆகவே பன்மை என்பது அவர் கணக்கு. மறுநாள் காலையில் இருவரையும் உட்காரவைத்துச் சமாதானம் பேசத் தொடங்கிவிட்டார்கள். மேற்பார்வையாளருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நம் ஊரிலும் ‘வார்த்தை முற்றிவிட்டது’ என்றால் சண்டைதானே? அப்படி நினைவில் வைத்துக்கொண்டால் மறக்காது.

மேலாளர் வந்து ‘கேன் ஐ ஹேவ் எ வேர்ட்?’ என்று கேட்டால் சிலருக்கு முகம் வெளுத்துவிடுகிறது. வேலையே போய்விட்டதாக நினைக்கிறார்கள். விடுப்புத் தாளில் கையெழுத்து வாங்கக்கூட அப்படிக் கேட்பார்கள். ஆனால் ‘தி மேனேஜர் ஹேட் எ வேர்ட் வித் ஹிம்’ என்று இன்னொருவரைப் பற்றிப் பேச்சு வந்தால், பெரும்பாலும் கூப்பிட்டு நாசூக்காகக் கண்டித்தார் என்றுதான் பொருள். ‘புட் இன் எ வேர்ட்’ முற்றிலும் வேறு, அது சிபாரிசு.

பெங்களூரு அலுவலகத்தோடு தொடர்பு உள்ளவர்களுக்கு ‘டச் பேஸ்’ கேட்டுக் கேட்டுக் காது புளித்திருக்கும். சும்மா ஒரு எட்டு பேசிக்கொள்வது, அவ்வளவுதான். எனக்கு அந்தத் தொடர் பிடிக்காது. நீங்கள் சொல்ல வேண்டியதில்லை, புரிந்தால் போதும். ‘டிராப் மீ எ லைன்’ என்றால் பேச்சே கிடையாது. நாலு வரி எழுதி அனுப்பச் சொல்கிறார்கள். அதைக் கேட்டுவிட்டுத் தொலைபேசியில் அழைக்காதீர்கள்.

‘காட் எ மினிட்?’ என்று கேட்டால் ‘ஷ்யூர்’ போதும். கையில் வேலை இருந்தால் ‘கிவ் மீ ஃபைவ் மினிட்ஸ்’ என்று சொல்வது மரியாதைக் குறைவு ஆகாது. ஓடுகிற இயந்திரத்தை அப்படியே விட்டுவிட்டு ‘யெஸ் சார்’ என்று ஓடி வந்தால்தான் மேற்பார்வையாளருக்குக் கோபம் வரும்.