தீவு பார்க்கக் கொடைக்கானலுக்கு

விலங்கியல் படித்தவர்கள் பலருக்கும் மன்னார் வளைகுடாவிலுள்ள குருசடைத் தீவு மறக்காது. மண்டபம் போய், படகேறி, முழங்கால் அளவு தண்ணீரில் கல்லைப் புரட்டிப் பார்த்து, கண்ணில் பட்டதற்கெல்லாம் பெயர் எழுதிக்கொண்டு வருவது அந்தக் காலப் படிப்பில் ஒரு பகுதி. அந்தத் தீவின் கரையோர உயிரினங்களைப் பற்றிச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1927-லேயே தனி வெளியீடு கொண்டுவந்திருக்கிறது. நானும் அங்கே நனைந்தவள்தான். ஆனால் இப்போது நான் பாடம் எடுக்கிற பிள்ளைகளைத் தீவு பார்க்க அழைத்துப்போவது கொடைக்கானலுக்கு.

வத்தலக்குண்டு தாண்டி பஸ் மலையேறத் தொடங்கியதும் ஒரு மாணவி கேட்டே விட்டாள். "மேடம், தீவுன்னு சொன்னீங்க. மலைக்குப் போறோமே?"

மறுநாள் காலை மேல்மலையில், மன்னவனூர்ப் பக்கத்து மேடு ஒன்றில் ஏறி நின்றபோது அவளுக்குப் பதில் சொல்ல வேண்டிய வேலை எனக்கு இருக்கவில்லை. நான்கு பக்கமும் அலையலையாகப் புல். இரண்டு மேடுகள் சேரும் மடிப்புகளில் மட்டும் கறுத்த பச்சையில் திட்டுத் திட்டாகச் சோலை. புல் முடியும் இடமும் மரம் தொடங்கும் இடமும் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும். ஒரு காலடி வைத்தால் வெயில், அடுத்த அடியில் இருட்டும் ஈரமும். கடலும் கரையும்கூட இவ்வளவு துல்லியமாகப் பிரிவதில்லை.

இந்தக் கோடு ஏன் இருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள ஜனவரியில் வரவேண்டும். மேகமில்லாத இரவில் நிலத்தின் சூடு தடையில்லாமல் வானத்துக்குப் போய்விடுகிறது. புல்வெளியில் வெப்பம் பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கி, விடியும்போது புல் நுனியெல்லாம் உறைபனி உப்புத் தூவியதுபோல் நிற்கும். பத்தடி தள்ளிச் சோலைக்குள் போனால் உறைபனியின் சுவடே இருக்காது. மேலே நெருக்கமாகப் பின்னிய இலைகள் போர்வையாக இருந்து சூட்டைப் பிடித்து வைக்கின்றன. சோலை மரத்தின் விதை புல்வெளியில் விழுந்து முளைத்தாலும், அந்தப் பிஞ்சுக் கன்று உறைபனியில் கருகிவிடும். தப்பினால் கோடைத் தீ இருக்கிறது. மண்ணின் ஆழமும் ஈரமும் சேர்ந்துதான் இது நடக்கிறது என்றாலும் உறைபனியின் பங்கு பெரியது. காட்டுப் பூவரசு மாதிரி தடித்த பட்டையுள்ள ஒன்றிரண்டு மரங்கள் மட்டும் புல்லின் நடுவே தனியாக நின்று சமாளிக்கின்றன.

இந்தப் புல்வெளி யாரோ காட்டை வெட்டியதால் வந்தது என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் உண்டு. அது சரியல்ல. நீலகிரியின் சதுப்புப் பள்ளங்களில் மட்கி அடுக்கடுக்காகப் படிந்த தாவரக் கரியை எடுத்து, சூழலியல் ஆய்வாளர் சுகுமார் குழுவினர் 1993-ல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. வெப்பமண்டலப் புற்களில் பலவும் காற்றிலிருந்து கார்பனைப் பிடிக்கும் முறை வேறு, மரங்கள் பிடிக்கும் முறை வேறு. மட்கிய பிறகும் அந்த அடையாளம் அழிவதில்லை. அதைப் படித்தால், 20,000 ஆண்டுகளுக்கு முந்தைய பனியுகக் காலத்திலேயே அங்கே புல் ஓங்கியிருந்தது தெரிகிறது. கோடரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சரி, தீவு என்றால் அதற்கென்று ஒரு கணக்கு உண்டு. அமெரிக்காவைச் சேர்ந்த ராபர்ட் மெக்ஆர்தர், எட்வர்டு வில்சன் இருவரும் 1963-ல் கட்டுரையாகவும் 1967-ல் நூலாகவும் அதை எழுதினார்கள். பிள்ளைகளுக்கு நான் அதைக் கிணற்றை வைத்துத்தான் சொல்வது. ஒரு பக்கம் ஊற்று, ஒரு பக்கம் இறைப்பு. மட்டம் கீழே இருக்கும்போது ஊற்று வேகமாகச் சுரக்கும். மட்டம் ஏற ஏற ஊறும் வேகம் குறையும். ஊறுவதும் இறைப்பதும் சமமாகிற இடத்தில் மட்டம் நிற்கும். நிற்கிறதே தவிர, நேற்றிருந்த தண்ணீர் இன்றில்லை.

தீவில் ஊற்று என்பது வெளியிலிருந்து புதிதாக வந்துசேரும் இனங்கள். இறைப்பு என்பது அங்கேயே அற்றுப்போகும் இனங்கள். தீவு கரையை விட்டுத் தள்ளிப் போகப் போக ஊற்று வற்றும், ஏனென்றால் அவ்வளவு தூரம் வந்துசேரக்கூடியவை குறைவு. தீவு சிறிதாக இருந்தால் இறைப்பு கூடும். ஓர் இனத்தில் பத்துப் பேர்தான் இருக்க முடிகிற இடத்தில் ஒரு மோசமான மழைக்காலம் போதும், கணக்கு முடிந்துவிடும். தூரமும் பரப்பும் சேர்ந்து அந்தத் தீவில் எத்தனை இனங்கள் தங்கும் என்பதை முடிவு செய்கின்றன. எந்தெந்த இனங்கள் என்பதை அல்ல, எத்தனை என்பதை. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பாதிப் பாடம் முடிந்தது.

காகிதத்தில் எழுதியதைக் கடலில் சோதித்துப் பார்த்தவர் ஒரு மாணவர். ஹார்வர்டில் வில்சனிடம் ஆய்வு செய்துகொண்டிருந்த டேனியல் சிம்பர்லாஃப், கணிதம் படித்துவிட்டு உயிரியலுக்கு வந்தவர். ஃபுளோரிடாவின் தெற்கு முனையில், ஆழமில்லாத கடலில், பத்துப் பதினைந்து மீட்டர் அகலமே உள்ள அலையாத்தி மரத் திட்டுகள் உண்டு. முதலில் ஒவ்வொரு திட்டிலும் இருந்த பூச்சி, சிலந்தி எல்லாவற்றையும் எண்ணினார்கள். அப்புறம் திட்டை முழுவதும் கூடாரத் துணியால் மூடி, மீதைல் புரோமைடு வாயுவைச் செலுத்தினார்கள். பூச்சிகள் ஒழிந்தன, மரங்கள் பிழைத்தன. வெறுமையான தீவு தயார். 1966 முதல் திரும்பத் திரும்பப் படகில் போய் மரத்தின் பட்டை, பொந்து, காய்ந்த குச்சி வரை தேடி, யார் வந்தார், யார் போனார் என்று சிம்பர்லாஃப் எழுதி வைத்தார். ஏறத்தாழ ஒரு வருடத்துக்குள், மிகவும் தள்ளியிருந்த திட்டைத் தவிர மற்றவற்றில் இனங்களின் எண்ணிக்கை பழைய அளவை நெருங்கிவிட்டது. ஆனால் வந்து உட்கார்ந்தவை பெரும்பாலும் பழைய இனங்கள் அல்ல. கிணறு நிறைந்தது, தண்ணீர் வேறு.

பூச்சிகளைக் கொன்றுவிட்டு எண்ணுவது எனக்கு உவப்பான வழி அல்ல, இன்றைக்கு யாருக்கும் அதற்கு அனுமதி கிடைக்கக்கூடாது என்றும் நினைக்கிறேன். ஆனாலும் ஒரு மாணவர் சேற்றில் நின்று, சலிக்காமல் எண்ணி, ஒரு கோட்பாட்டை நிறுத்திக் காட்டினார் என்பது வகுப்பில் சொல்ல வேண்டிய கதை. இயற்கையே இதைப் பெரிய அளவில் செய்து காட்டிய இடமும் உண்டு. 1883 ஆகஸ்டில் ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் நடுவே கிரகட்டோவா எரிமலை வெடித்து, மிஞ்சிய தீவு முழுவதும் சாம்பலால் மூடிப்போனது. ஒன்பது மாதம் கழித்துப் போனவர்கள் கண்ட ஒரே உயிர் ஒரு சின்னஞ்சிறு சிலந்தி. காற்றில் நூலை விட்டு மிதந்து வந்தது.

நாங்கள் சோலையில் செய்வது மிக எளிய வேலை. வனத்துறையிடம் அனுமதி வாங்கி, வாட்சர் ஒருவர் துணையோடு உள்ளே போவோம். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கயிற்றுச் சதுரத்தைச் சருகின்மேல் விரித்து, அதற்குள் இருக்கும் சருகையெல்லாம் வெள்ளைத் துணியில் அள்ளிப் போட்டு, ஒவ்வொரு இலையாகப் புரட்ட வேண்டும். முதலில் ஒன்றுமே இல்லை என்று தோன்றும். பிறகு ஒரு சருகு நகரும். மரவட்டை, இலையின் நரம்பை ஒட்டிப் படுத்திருக்கும் தட்டைப் பூச்சி, கடுகளவு நத்தை, எல்லோருக்கும் முன்னால் வந்துசேரும் அட்டை. ஒருமுறை விரல் நகத்தளவு ஒரு தவளை துணியின் நடுவே வந்து உட்கார்ந்து தொண்டையை ஊதி ஊதி இறக்கியது. புதர்த்தவளை. இந்த இனங்களுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது, முட்டைக்குள்ளேயே முழுத் தவளையாகி வெளியே வரும். குளமும் ஓடையும் இல்லாத ஈரச் சருகே அதற்குப் போதும். அதே காரணத்தால் வெயில் காயும் புல்லைத் தாண்டி அடுத்த சோலைக்குப் போவது அதற்குக் கடல் கடப்பதுபோலத்தான். பார்த்து, எழுதி, படம் எடுத்துக்கொண்டு சருகோடு சேர்த்து எல்லாவற்றையும் அதே இடத்தில் விட்டுவிடுவோம்.

முதல் வருடம் நாங்கள் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன், களப்பணிக்குப் போகிறவர்களுக்கு உதவும். பெரிய சோலையில் காலை முழுவதும் தேடினோம், சின்னச் சோலையில் கால் மணி நேரம். பெரியதில் நிறைய இனங்கள் கிடைத்தன என்று பிள்ளைகளுக்குச் சந்தோஷம். ஆனால் கூடுதலாகத் தேடியதால் கூடுதலாகக் கிடைத்ததா, சோலை பெரியதால் கிடைத்ததா? சொல்ல வழியில்லை. அடுத்த வருடம் எல்லாச் சோலைக்கும் ஒரே எண்ணிக்கையில் சதுரம், ஒரே நேரம் என்று வைத்தோம். ஒவ்வொரு சதுரத்திலும் புதிதாகச் சேரும் இனங்களைக் குறித்து வரைபடம் போட்டால், கோடு முதலில் செங்குத்தாக ஏறி மெல்ல மெல்லப் படுத்துவிடும். அது படுக்கும் வரை, காணவில்லை என்பதை இல்லை என்று எழுதக்கூடாது.

உலகம் முழுவதும் தீவுகளில் எடுத்த கணக்குகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு தோராயமான விதி கிடைக்கிறது: பரப்பு பத்து மடங்கானால் இனங்களின் எண்ணிக்கை இரண்டு மடங்காகும். திருப்பிப் போட்டால் பயம் வருகிறது. சோலை பத்தில் ஒரு பங்காகச் சுருங்கினால் காலப்போக்கில் பாதி இனங்கள் போகும். காலப்போக்கில் என்பதுதான் இதில் ஏமாற்றுகிற சொல். மரம் நூறு வருடம் நிற்கும், வெட்டிய மறுநாளே எதுவும் மறைந்துவிடாது. ஊற்று அடைபட்டும் மட்டம் இறங்காத கிணறு மாதிரி, எல்லாம் நன்றாக இருப்பதுபோலத் தெரியும்.

பறவைகளுக்குச் சிறகு இருக்கிறதே, அவற்றுக்கென்ன தடை என்று எல்லா வருடமும் யாராவது கேட்பார்கள். விடியற்காலையில் சோலை ஓரம் நின்று கேட்டால், உள்ளிருந்து ஏறி இறங்கி விசில் அடிப்பதுபோல் ஒரு பாட்டு வரும். கருநீலமும் வெள்ளை வயிறுமாக, குருவியைவிடச் சற்றுப் பெரிய பறவை. சோலைக்கிளி. (பச்சைக்கிளியை நினைத்துக்கொள்ள வேண்டாம், மலையாளத்தில் கிளி என்றால் பறவைதான்.) எங்களோடு வந்த வாட்சர் அண்ணன் சொன்னார்: "இது புல்லுக்கு வராதுங்க மேடம். இந்த விளிம்பு வரைக்கும் வரும், திரும்பிடும்." தரையை ஒட்டிய இருட்டில் பூச்சி பொறுக்கிப் பழகிய பறவை வெட்ட வெளியில் பறக்கத் துணிவதில்லை. சிறகு இருந்தும் அது தீவுவாசி.

கொடைக்கானல் இருக்கும் இந்தப் பழனிமலைத் தொடரில் பாடும் சோலைக்கிளியும் நீலகிரியில் பாடும் சோலைக்கிளியும் இன்று இரண்டு தனி இனங்கள். நடுவில் இருப்பது பாலக்காட்டுக் கணவாய், 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்தில் மலையே இல்லாத வெப்பமான பள்ளம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் பெரும்பாலும் கரையிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் இருப்பவை. அதோடு ஒப்பிட்டால் இந்தக் கணவாய் பெரிய கடல். தெற்கே செங்கோட்டைக் கணவாய்க்கு அப்பால் மூன்றாவது ஓர் இனம் இருக்கிறது. சிரிப்பான் என்ற பறவைகளிலும் இதே கதைதான், நீலகிரிக்கு ஒன்று, பழனிக்கு ஒன்று. பறவை ஆய்வாளர் வி. வி. ராபின் குழுவினர் மரபணுவை ஆராய்ந்து, சோலைக்கிளிகளும் சிரிப்பான்களும் இந்த மலைகளிலேயே கிளைத்த தனித்தனிப் பேரினங்கள், அதாவது நெருங்கிய இனங்களின் தொகுப்புகள், என்று 2017-ல் காட்டினார்கள். சோலைக்கிளியின் பேரினத்துக்கு அவர்கள் வைத்த அறிவியல் பெயர் சோலிகோலா, சோலையில் குடியிருப்பது என்று பொருள். நம் சொல் ஒன்று லத்தீனோடு சேர்ந்து உலகப் பட்டியலில் ஏறியிருக்கிறது. எனக்கு அதில் அளவில்லாத மகிழ்ச்சி.

பாட்டிலும் இந்தப் பிரிவு கேட்கிறது. பாடும் பறவைகளில் குஞ்சு, மூத்ததைக் கேட்டுத்தான் பாட்டைக் கற்கும். கேட்பது மாறினால் பாடுவதும் மாறும். பழங்காலக் கணவாய் பிரித்த கூட்டங்களின் பாட்டில் இருக்கும் வேறுபாடு ஒரு விதம், அண்மையில் காடு அழிந்து பிரிந்த கூட்டங்களின் பாட்டில் இருக்கும் வேறுபாடு இன்னொரு விதம் என்று ஒலிப்பதிவுகளை வைத்து ஆய்வாளர்கள் பிரித்துச் சொல்கிறார்கள். பிள்ளைகள் இப்போது கைப்பேசியில் பதிவு செய்து, ஒலி அலையைப் படமாக்கி, ஒரு சோலைப் பாட்டையும் அடுத்த சோலைப் பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள்.

ஆனால் இந்த மலையில் மாறிக்கொண்டிருப்பது தீவைவிட அதிகமாகக் கடல்தான். தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகை (வாட்டில் மரம்), கூழுக்கும் மரத்துக்கும் யூகலிப்டஸ், பைன் என்று புல்வெளியில் நட்டார்கள். சும்மா கிடக்கிற நிலம் என்ற எண்ணம்தான் காரணம். செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018-ல் வெளிவந்த ஆய்வின்படி, 1973-க்கும் 2014-க்கும் இடையில் பழனிமலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. மரத் தோப்புகளும் விவசாயமும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. நட்ட மரங்கள் நட்ட இடத்தோடு நிற்காமல் தானாகவும் பரவுகின்றன. சீகை விதை மண்ணுக்குள் பல வருடம் காத்திருந்து, தீ பட்டதும் ஒட்டுமொத்தமாக முளைக்கும். வெட்டினாலும் விடாது.

வகுப்பில் வாக்குவாதம் தொடங்குவது இங்கேதான். பழைய சீகைத் தோப்பின் நிழலில் உறைபனி விழுவதில்லை. பறவைகள் கொண்டுவந்து போடும் விதையிலிருந்து சோலைக் கன்றுகள் அதற்குள் முளைத்து நிற்பதை நாங்களே பார்த்தோம். அப்படியானால் தீவுக்குத் தீவு பாலம் போட்டதுபோல நல்லதுதானே என்றான் ஒருவன். சோலைக் கன்றுக்கு நல்லதாக இருக்கலாம். வரையாட்டைக் கேட்டால்? குறிஞ்சியைக் கேட்டால்? பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை, 2006, 2018 என்று பூத்து, அடுத்து 2030-ல் பூக்க வேண்டிய அந்தச் செடிக்கு வெயிலும் திறந்த சரிவும் வேண்டும். நீலகிரியின் முக்குருத்திப் பக்கம் புல்லிலேயே கூடு கட்டி வாழும் நீலகிரி நெட்டைக்காலி என்ற பறவைக்குச் சோலை ஒரு சுவர், சீகைத் தோப்பும் சுவர். இவற்றுக்குத் தீவு என்பது புல்வெளி. மரங்கள்தான் கடல்.

கேள்வி கேட்ட அதே மாணவி கடைசி நாள் தன் வரைபடத்தை எடுத்து வந்து காட்டினாள். சோலைகளுக்குப் பச்சை தீட்டி, புல்லை வெள்ளையாக விட்டிருந்தாள். "மேடம், புல்லுக்கு ஒரு சதுரம்கூட நாம போடலையே" என்றாள். உண்மைதான், நான்கு நாளும் சோலைக்குள்ளேயே இருந்துவிட்டோம். பஸ்ஸுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. கயிற்றை எடுத்துக்கொண்டு மறுபடி மேட்டில் ஏறினோம்.