கலிதேயா: வானளாவிகள் இல்லாமலே உருவான நெரிசல்

ஏதென்ஸ் நகர மையத்துக்கும் ஃபாலிரோ கடற்கரைக்கும் இடையே கலிதேயா என்னும் நகராட்சி அமைந்திருக்கிறது. 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, அதன் 4.75 சதுர கிலோமீட்டர் பரப்பில் 97,616 பேர் வசிக்கிறார்கள். சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 20,500 பேர் என்னும் இந்த அடர்த்தி, கிரேக்கத்தின் மிக நெருக்கமான நகராட்சிகளுள் ஒன்றாக அதை ஆக்கியிருக்கிறது. ஆயினும் அது வானளாவிகளின் ஊரன்று. பெரும்பாலும் ஐந்தாறு தளக் கட்டடங்களே அங்கு வரிசையாக நிற்கின்றன. கலிதேயா என்றால் ‘அழகிய காட்சி’ என்று பொருள். இன்று அங்கே பெரும்பாலான பால்கனிகளில் நின்று பார்த்தால் தெரிவது எதிர்வீட்டுப் பால்கனிதான்.

இந்த நெரிசலுக்கு உயரமான கோபுரங்கள் தேவைப்படவில்லை என்பதை எளிய கணக்கு ஒன்றால் காணலாம். சாலை, பள்ளி, ரயில் பாதை அனைத்தையும் சேர்த்தே ஒருவருக்குக் கிடைக்கும் நிலம் ஏறத்தாழ 49 சதுர மீட்டர். அதில் மூன்றில் ஒரு பங்கின் மீது மட்டும் கட்டடம் நிற்பதாகக் கொண்டாலும், ஐந்து தளங்களில் ஒருவருக்கு 80 சதுர மீட்டர் தளப்பரப்பு கிடைத்துவிடும். படிக்கட்டு, கடை, அலுவலகம், காலி வீடு ஆகியவற்றைக் கழித்த பின்னும் வசிக்கப் போதுமான இடம் மிஞ்சும். மனைகளுக்கு நடுவே இடைவெளி விடாமல் ஊர் முழுவதையும் ஒரே சீராக நிரப்புவதுதான் இங்கே அடர்த்தியைக் கூட்டுகிறது.

முதல் நவீன ஒலிம்பிக்கின் துப்பாக்கி சுடும் போட்டிகள் 1896இல் இங்கு நடந்தபோது, கலிதேயா பெரிதும் திறந்த வெளியாகவே இருந்தது. 1922இல் ஆசியா மைனரில், அதாவது இன்றைய துருக்கியில், கிரேக்கப் படை துருக்கியரிடம் தோற்றதையும், அடுத்த ஆண்டு இரு நாடுகளுக்கும் இடையே மக்கள் பரிமாற்றம் ஒப்பந்தமானதையும் அடுத்து, பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட அகதிகள் கிரேக்கத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களில் பலர், குறிப்பாகக் கருங்கடற்கரையின் பொந்தியக் கிரேக்கர்கள், கலிதேயாவில் குடியேறினார்கள். சோவியத் ஒன்றியம் சிதைந்த பின் 1990களில் வந்த பொந்தியர்களும் இதே ஊரைத் தேடி வந்தார்கள்.

சிறு வீடுகளும் தோட்டங்களுமாக இருந்த மனைகளை அடுக்குமாடிகளாக மாற்றியது ‘அந்திபரோஹி’ என்னும் பண்டமாற்று முறையாகும். மனைக்காரர் நிலத்தைக் கட்டுநரிடம் ஒப்படைப்பார். கட்டுநர் தம் செலவில் கட்டடத்தை எழுப்பி, நிலத்தின் விலைக்கு ஈடாகச் சில வீடுகளை அவருக்குக் கொடுத்துவிட்டு, மற்றவற்றை விற்றுக்கொள்வார். பெரும்பாலும் கட்டி முடிக்கும் முன்பே வீடுகள் விலைபோனதால், பெரிய வங்கிக் கடனோ அரசின் வீட்டுவசதித் திட்டமோ இல்லாமலே கட்டடங்கள் எழுந்தன. ஒரே கட்டடத்தின் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி உரிமையாளர் இருக்கலாம் என்று 1929ஆம் ஆண்டின் சட்டம் ஏற்கெனவே அனுமதித்திருந்தது. அந்தச் சட்டம் இல்லையேல் இந்தப் பண்டமாற்றுக்கே வழியிருந்திராது. போதாக்குறைக்கு, அப்போது கிரேக்கத்தை ஆண்ட இராணுவ ஆட்சி 1968இல் அனுமதிக்கப்பட்ட தளப்பரப்பை மேலும் உயர்த்தியது.

இப்படி எழுந்த தெருக்களின் விளைவைக் கோடை இரவுகளில் உணரலாம். பகலில் கான்கிரீட்டும் தாரும் சூரிய வெப்பத்தை உள்வாங்கி, இரவில் அகச்சிவப்புக் கதிர்களாக வெளிவிடுகின்றன. திறந்த வெளியில் அந்தக் கதிர்களில் பெரும்பகுதி வானை நோக்கிப் போய்விடும். இருபுறமும் ஆறு தளச் சுவர்கள் நிற்கும் குறுகிய தெருவிலோ, மேலே தெரிவது ஒரு கீற்று வானம் மட்டுமே. எனவே ஒரு சுவர் விட்ட வெப்பத்தை எதிர்ச்சுவர் வாங்கி மீண்டும் திருப்பி அனுப்புகிறது. குளிரூட்டிகள் வீட்டுக்குள்ளிருந்து எடுத்த வெப்பத்தோடு, தாம் செலவழித்த மின்சாரத்தின் வெப்பத்தையும் சேர்த்து அதே தெருவில் கொட்டுகின்றன. பகலில் ஊருக்குத் தெற்கேயுள்ள சரோனிக் வளைகுடாவிலிருந்து வீசும் கடற்காற்று உதவக்கூடியதே என்றாலும், நெருங்கி நிற்கும் கட்டடங்கள் தரைமட்டத்தில் அதன் வேகத்தைக் குறைத்துவிடுகின்றன. வெப்பக் காப்பு விதிகள் கிரேக்கத்தில் 1979இல்தான் வந்தன. அதற்கு முன் எழுந்த கட்டடங்களின் சுவர்கள் கோடையிலும் குளிர்காலத்திலும் வெளியிலிருப்பதைத் தாராளமாக உள்ளே விடுகின்றன.

அப்படியானால் பழையவற்றை இடித்து இடைவெளிவிட்டுக் கட்டலாமே என்று தோன்றும். ஒவ்வொரு வீட்டோடும் மனையின் பிரிபடாத பங்கு ஒட்டியிருப்பதால், இருபது குடும்பங்களின் கட்டடத்தை இடிக்க ஏறக்குறைய இருபது சம்மதங்கள் வேண்டும். ஊரை விரைவாகக் கட்டியெழுப்பிய அதே உரிமை முறை, கட்டியதை மாற்றவிடாமல் பூட்டியும் வைத்திருக்கிறது. வெப்பத்தைவிட இதுவே கலிதேயாவின் கடினமான சிக்கல் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஊரின் தென்முனையில் மட்டும் நிலைமை வேறு. அங்கிருந்த குதிரைப் பந்தயத் திடல் 2004 ஒலிம்பிக்கை ஒட்டி ஏதென்சுக்கு வெளியேயுள்ள மார்கோபூலோவுக்கு இடம் பெயர்ந்தது. அந்த நிலம் துண்டாடப்படாமல் முழுதாக இருந்ததால், தேசிய நூலகத்தையும் தேசிய ஓபராவையும் ஒரு பெரிய பூங்காவையும் கொண்ட ஸ்தாவ்ரோஸ் நியார்கோஸ் பண்பாட்டு மையத்தை அங்கே எழுப்ப முடிந்தது. 2016இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த மையத்துக்காக, இத்தாலியக் கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோ 32 மீட்டர் உயரம்வரை ஏறும் செயற்கைச் சரிவு ஒன்றை அமைத்து, அதன்மேல் செடிகொடிகளை வளர்த்தார். அதன் உச்சியில் நின்றால் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் அக்ரோபொலிசும் தெரிகின்றன.