குட்டிப் பூனையின் உடல்வாகு: எது இயல்பு, எது நோய்?

நான்கைந்து மாதப் பூனைக்குட்டியைப் பக்கவாட்டில் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். பின்பக்கம் தூக்கலாக, தோள் தாழ்ந்து, முகத்துக்குப் பொருந்தாத பெரிய காதுகளோடு நிற்கும். எலும்பில் ஏதோ கோளாறு என்று மனசு அடித்துக்கொள்ளும். பெரும்பாலும் கோளாறு எதுவும் இருக்காது.

எலும்புகள் எல்லாம் ஒரே சீராக வளர்வதில்லை. நீண்ட எலும்புகளின் முனைக்கருகே வளர்ச்சித் தட்டு என்ற குருத்தெலும்புப் பட்டை இருக்கிறது. புது எலும்பு உருவாவது அங்கேதான். பூனைகளுக்கு முழங்கையை ஒட்டிய தட்டுகளில் பெரும்பாலானவை ஆறேழு மாதத்துக்குள் மூடிவிடுகின்றன. முன்னங்காலின் கீழ்முனையில் உள்ளவை ஒன்றரை வயது வரைகூடத் திறந்திருக்கும். கருத்தடை செய்த குட்டிகளுக்கு இன்னும் கொஞ்சம் தள்ளிப்போகும். அதனால் நடுவில் சில மாதங்கள் ஓர் உறுப்பு முந்தும், இன்னொன்று பிந்தும். பின்னங்கால்கள் நீளமாக இருப்பது, பாய்வதற்கென்றே அமைந்த உடலுக்கு வளர்ந்த பிறகும் உள்ள அமைப்புதான்.

தோற்றத்தைவிட நம்பகமான சாட்சி எடை. பிறக்கும்போது ஏறத்தாழ 100 கிராம் இருக்கும் குட்டி, முதல் நான்கைந்து மாதங்கள் மாதத்துக்கு அரை கிலோவுக்குச் சற்றுக் குறைவாக ஏறும். கோணல்மாணலாகத் தெரிந்தாலும் எடை ஏறி, ஓடியாடி விளையாடும் குட்டியைப் பற்றி நான் அவ்வளவாகக் கவலைப்பட மாட்டேன். எடை நின்றுபோன குட்டி அழகாகவே இருந்தாலும் பரிசோதிக்க வேண்டும்.

அதிகம் பயமுறுத்துவது வயிறுதான். வயிற்றைப் பார்க்கும்போது முதுகையும் தடவிப் பாருங்கள். சாப்பிட்டதும் உப்பிச் சில மணி நேரத்தில் வடிகிற வயிறு இயல்பு. வயிறு பந்துபோல் இருக்க, முதுகெலும்பு கணுக்கணுவாகக் கையில் தட்டுப்பட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது உருண்டைப் புழு. தாய்ப்பூனையின் தசைகளில் உறங்கிக் கிடக்கும் இதன் இளம்புழுக்கள் பால் சுரக்கும் நாட்களில் விழித்துக்கொண்டு, பாலோடு குட்டிக்குள் போகின்றன. வெளியே கால் வைக்காத குட்டிக்கும் புழு இருப்பது இதனால்தான். குடலில் அவை 10 சென்டிமீட்டர் வரை வளரும். ஒருமுறை பூச்சி மருந்து கொடுத்துவிட்டு நிறுத்துவது வீண். குடலில் உள்ளவை செத்தாலும் உடலுக்குள் பயணத்தில் இருப்பவை பிறகு வந்து சேரும். மூன்று வார வயதிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுக்கச் சொல்வது அதற்காகத்தான்.

வயிற்றில் நீர் கோர்த்திருந்தால் விஷயம் வேறு. பூனைகளின் குடலில் சாதாரணமாக வாழும் ஒரு கொரோனா வைரஸ், சில குட்டிகளில் உருமாறி வெள்ளணுக்களுக்குள் புகுந்துவிடுகிறது. ரத்த நாளங்கள் அழற்சியுற்று, புரதம் நிறைந்த மஞ்சள் நீர் வயிற்றுக்குள் கசிகிறது. இறங்காத காய்ச்சலும் சாப்பாட்டில் வெறுப்பும் கூடவே வரும். எஃப்ஐபி (FIP) எனப்படும் இந்த நோயால் பெரும்பாலும் இரண்டு வயதுக்குட்பட்டவையே பாதிக்கப்படுகின்றன. முன்பு இதைக் கேட்டாலே நம்பிக்கை போய்விடும். 2019-ல் கால்நடை மருத்துவ ஆய்வாளர் நீல்ஸ் பெடர்சன் குழுவினர் ஜிஎஸ்-441524 என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தை 31 பூனைகளுக்குக் கொடுத்து, 25 பூனைகள் பிழைத்ததாக வெளியிட்டனர். இன்று இது சிகிச்சை உள்ள நோய், தாமதிக்காமல் போனால்.

ஆறு மாதத்துக்குப் பிறகு நடக்கும்போது அடிவயிற்றில் தளர்வாக ஆடும் வெற்றுத் தோல் மடிப்பு நோயல்ல. சிங்கம், புலிக்கும் அது உண்டு.

எனக்கு உண்மையில் வருத்தம் தருவது இன்னொன்று. பாசத்தோடு வெறும் இறைச்சியை மட்டும் ஊட்டி வளர்த்த குட்டி கொழுகொழுவென்றுதான் இருக்கும். ஆனால் எலும்பில்லாத இறைச்சியில் கால்சியத்தைப்போல 15, 20 மடங்கு பாஸ்பரஸ் இருக்கிறது. இதயம் துடிக்கவும் தசை இயங்கவும் ரத்தத்தில் கால்சியம் குறையவே கூடாது. குறைந்தால் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் ஹார்மோனைச் சுரந்து எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி எடுக்கும். வாரக்கணக்கில் இது தொடர்ந்தால் எலும்பு மெலிந்து முதுகு குழியும், கால் வளையும். தாவிக்கொண்டிருந்த குட்டி தாவத் தயங்கும். தூக்கினால் வலியில் கத்தும். சின்னக் குதிப்பிலேயே எலும்பு முறியும். சத்துகள் சரிவிகிதத்தில் உள்ள குட்டிப்பூனை உணவுக்கு மாற்றி, குதிக்க விடாமல் சில வாரம் கூண்டில் ஓய்வு கொடுத்தால் எலும்பு மீண்டும் இறுகும். இடுப்பெலும்பு ஏற்கெனவே குறுகியிருந்தால் மலச்சிக்கல் ஆயுளுக்கும் கூட வரலாம். முந்திக் கண்டுபிடித்தால் இந்த வேதனை முழுக்கத் தவிர்க்கக்கூடியது.

பிறவியிலேயே வருபவையும் உண்டு. கூடுதல் விரல்கள் பெரும்பாலும் தொந்தரவு தராது. தலை பெருத்து, கால் குட்டையாகி, கூடப்பிறந்தவை வளர்ந்த பிறகும் பச்சிளம் குட்டிபோலவே இருந்தால் தைராய்டு குறைபாடாக இருக்கலாம். அதற்கு மாத்திரை உண்டு. ஸ்காட்டிஷ் ஃபோல்டு பூனையின் மடங்கிய காது பலருக்குப் பிடிக்கிறது. காதை மடக்கும் அதே மரபணு மாற்றம் உடல் முழுவதும் குருத்தெலும்பைப் பாதித்து மூட்டுகளை வலிக்கச் செய்கிறது. அந்தக் காதுக்காக இனப்பெருக்கம் செய்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

மார்பு தட்டையாகவோ குழிந்தோ தெரிந்தால், குட்டி தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள். மார்பு ஒருமுறை எழுந்து தாழ்ந்தால் ஒரு மூச்சு. நிமிடத்துக்கு 30-க்குள் இருப்பது நல்லது. தொடர்ந்து அதைத் தாண்டினால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ ஈறு நீலம் பாய்ந்தாலோ, நள்ளிரவானாலும் உடனே கிளம்புங்கள்.