ஒரு ஓம் கெடுக்கும், பத்தாயிரம் ஓம் கெடுக்காது

வாசகர் ஒருவரிடம் 1980களில் வாங்கிய அம்பாசடர் இருக்கிறது. காலையில் நாலைந்து முறை இழுத்தால்தான் ஸ்டார்ட் ஆகும். கொஞ்ச தூரம் ஓடிச் சூடானதும் மிஸ்ஸிங் அடிக்கும். சிக்னலில் அணைந்துவிட்டால் எஞ்சின் ஆறும்வரை மறுபடி எழாது. பிளக், கண்டென்சர், பாயின்ட், கடைசியில் காயில் என்று வரிசையாக மாற்றியும் பயனில்லை. அப்புறம் வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்து, இக்னிஷன் சுவிட்சிலிருந்து காயிலுக்கு வரும் வயரையும், காயிலிலிருந்து, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய வயரையும் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதிதாகக் கட்டிக் கொடுத்திருக்கிறார். வண்டி சரியாகிவிட்டது. வாசகருக்கு இப்போது சந்தேகம்: "பழைய வயரில் டெஸ்ட் லேம்ப் வைத்தால் பளிச்சென்று எரிந்ததே. கரண்ட் வந்துகொண்டிருந்த வயரை மாற்றியதில் எது சரியானது?"

டெஸ்ட் லேம்ப் இழுப்பது அரை ஆம்பியருக்கும் குறைவு. காயில் இழுப்பது சுமார் நாலு ஆம்பியர். விடையின் பாதி இதில் இருக்கிறது. மீதிப் பாதிக்குக் காயிலுக்குள் போக வேண்டும்.

அடிப்படையை வேகமாகக் கடந்துவிடுவோம். சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட பெட்ரோல்-காற்றுக் கலவையைப் பற்ற வைக்க, பிளக் முனையில் ஒரு தீப்பொறி பாய வேண்டும். முக்கால் மில்லிமீட்டர்கூட இல்லாத இடைவெளிதான். ஆனால் அழுத்தம் கூடிய கலவையில் அதைத் தாண்ட பத்தாயிரம் வோல்ட்டும் அதற்கு மேலும் ஆகும். பேட்டரியில் இருப்பது 12. இடையில் இருக்கும் காயில் என்பது ஓர் இரும்பு உள்ளகத்தின் மேல் சுற்றிய இரண்டு கம்பிச் சுருள்கள். முதன்மைச் சுருளில் சில நூறு சுற்றுகள், துணைச் சுருளில் அதைப்போல் ஏறத்தாழ நூறு மடங்கு. பள்ளியில் படித்த மின்மாற்றியேதான்.

ஆனால் கணக்கு உதைக்கிறது. 12 வோல்ட்டை நூறால் பெருக்கினால் 1,200. பிளக் கேட்பது பத்தாயிரத்துக்கு மேல். போதாக்குறைக்கு பேட்டரி தருவது நேர்மின்னோட்டம். மின்மாற்றிக்கு அது ஆகாது. பிறகு எப்படித்தான் வண்டி ஓடுகிறது?

இந்த இடம்தான் எனக்குப் பிடித்த இடம். டிஸ்ட்ரிபியூட்டருக்குள், எஞ்சின் சுற்றச் சுற்ற மூடித் திறக்கும் சுவிட்சான பாயின்ட் மூடும்போது காயிலில் மின்னோட்டம் ஏறத் தொடங்குகிறது. உடனே நாலு ஆம்பியருக்கு எகிறுவதில்லை. பல மில்லி விநாடிகள் எடுத்துக்கொண்டு மெல்ல ஏறுகிறது. அவ்வளவு நேரமும் பிளக்கில் எதுவும் நடப்பதில்லை. இரும்பைச் சுற்றிக் காந்தப்புலம் வளர்ந்து, ஆற்றல் அதில் சேமிப்பாகிக்கொண்டிருக்கிறது. தீப்பொறி பிறப்பது பாயின்ட் மூடும்போது அல்ல, திறக்கும்போது. இணைப்பை அறுத்த கணத்தில் மின்னோட்டத்துக்குப் போக வழியில்லை. ஆனால் அதைச் சட்டென்று நிற்கவிடாமல் காந்தப்புலம் தள்ளுகிறது. பம்ப்செட் ஓடிக்கொண்டிருக்கும்போது வால்வைப் பட்டென்று மூடினால் குழாய் முழுக்க அதிர்ந்து 'டம்'மென்று சத்தம் போடுமே, அந்த வகை அதிர்ச்சிதான் இதுவும். மெல்ல ஏறிய காந்தப்புலம், ஒரு மில்லி விநாடியின் சிறு பகுதிக்குள் சரிந்து விழுகிறது. புலம் எவ்வளவு வேகமாக மாறுகிறதோ அவ்வளவு வோல்ட் தூண்டப்படும் என்பது ஃபாரடே 1831இல் கண்ட விதி. அதனால் 12 வோல்ட் பக்கம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் முதன்மைச் சுருளிலேயே அந்தக் கணத்தில் 300 வோல்ட் அளவுக்கு எழும்புகிறது. இதை நூறால் பெருக்குங்கள்: முப்பதாயிரம். "12 வோல்ட்தானே" என்று எஞ்சின் ஓடும்போது காயிலின் பாயின்ட் பக்கத்து முனையில் கைவைத்து ஷாக் வாங்காத மெக்கானிக் இருக்க மாட்டார்.

கண்டென்சருக்கும் இங்கே வேலை இருக்கிறது. பாயின்ட் திறக்கத் தொடங்கும்போது இடைவெளி மயிரிழைதான். அந்த 300 வோல்ட் அங்கேயே தாவி, பாயின்ட்டைக் கருக்கிவிட்டு, காந்தப்புலத்தின் சரிவையும் மந்தமாக்கிவிடும். அந்தச் சில மைக்ரோ விநாடிகளுக்கு மின்னோட்டத்தைத் தன்னுள் வாங்கிக்கொண்டு, பாயின்ட் போதுமான அளவு விலக அவகாசம் கொடுக்கிறது கண்டென்சர்.

அறுக்கும்போதுதான் பெரிய வோல்ட் வரும் என்பதைப் பிடித்துக்கொண்டு காயில் செய்தவர் அயர்லாந்தின் மேனூத் இறையியல் கல்லூரியில் பாடம் நடத்திய பாதிரியார் நிக்கோலஸ் காலன். ஆண்டு 1836. கடிகாரப் பொறி ஒன்றை வைத்து மின்னோட்டத்தை விட்டுவிட்டு அறுத்தார். எவ்வளவு வேகமாக அறுத்தாரோ அவ்வளவு அதிர்ச்சி. வோல்ட்டை அளக்கக் கருவி இல்லாததால் மாணவர்களுக்கு ஷாக் கொடுத்துப் பார்த்தார் என்பதும் வரலாறு. அப்போது பெட்ரோல் எஞ்சினே கிடையாது. 24 ஆண்டுகள் கழித்து, 1860இல்தான் லெனுவார் தன் வாயு எஞ்சினைப் பற்ற வைக்கக் காயிலைப் பயன்படுத்தினார். காயிலை மேம்படுத்தி விற்ற பாரிஸ்காரர் ரூம்கார்ஃபுக்கு மூன்றாம் நெப்போலியன் 1864இல் 50,000 பிராங்க் பரிசு கொடுத்தார். காலனைப் பல காலம் எவருக்கும் நினைவில்லை. பேட்டரி, காயில், பாயின்ட் மூன்றையும் காருக்கு ஏற்றபடி சேர்த்து 1910 காடிலாக்கில் கொண்டுவந்தவர் சார்லஸ் கெட்டரிங். அம்பாசடர் வரைக்கும் வந்தது அந்த ஏற்பாடுதான். இன்று ஆய்வுக்கு நிதி கேட்டு விண்ணப்பித்தால் "இதனால் சமூகத்துக்கு உடனடிப் பயன் என்ன?" என்று ஒரு கட்டம் இருக்கும். 1836இல் காலன் அதில் என்ன எழுதியிருப்பார்? அந்தக் கட்டத்தை நீக்கச் சொல்லவில்லை. அதற்கு மட்டும் மதிப்பெண் போடாதீர்கள் என்கிறேன்.

சரி, வயருக்கு வருவோம். காந்தப்புலத்தில் சேரும் ஆற்றல் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. இந்த 'வர்க்கம்'தான் வில்லன். இந்த வகைக் காயிலின் முதன்மைச் சுருளில் மின்தடை சுமார் 3 ஓம். 12 வோல்ட்டுக்கு 4 ஆம்பியர். பழைய வயரும் அதன் முனையில் மாட்டிய உலோக லக்குகளும் சேர்ந்து ஒரே ஒரு ஓம் கூட்டிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். 12 வகுத்தல் 4, மின்னோட்டம் 3 ஆம்பியர். கால்வாசிதான் குறைந்தது. ஆனால் ஆற்றல் பதினாறில் ஒன்பது பங்காகிவிட்டது. கிட்டத்தட்ட பாதி காலி. ஸ்டார்ட்டர் சுற்றும்போது பேட்டரியே 9 வோல்ட்டுக்கு இறங்குகிறது. அப்போது கிடைப்பது இரண்டேகால் ஆம்பியர், மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான ஆற்றல். காலையில் ஏன் அடம் பிடித்தது என்று புரிகிறதா? சூடானதும் நின்றதற்கும் காரணம் உண்டு. செம்பின் மின்தடை ஒரு டிகிரிக்கு 0.4 சதவீதம் அளவில் ஏறும். காயில் 60 டிகிரி கூடுதலாகச் சூடானால் அதன் 3 ஓமே 3.7 ஆகிறது. நல்ல வயர் இருந்தால் அந்த இழப்பைத் தாங்கிக்கொள்ளும். கெட்ட வயரோடு சேரும்போது தாங்காது.

டெஸ்ட் லேம்ப் ஏமாற்றியதும் இப்படித்தான். அரை ஆம்பியருக்கும் குறைவாக ஓடினால் அந்த ஒரு ஓமில் இழப்பது அரை வோல்ட்கூட இல்லை. விளக்கு பளிச்சென்றுதான் எரியும். காயிலோ அதே வயரில் 3 வோல்ட்டை இழக்கிறது.

ஒரு செம்புக் கம்பி எப்படி ஒரு ஓம் ஆகிறது? கம்பி நடுவில் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை, முனையில்தான் வினை. பி.வி.சி. உறையை வளையவைக்கும் எண்ணெய்ப் பொருள் எஞ்சின் சூட்டில் ஆண்டுக்கணக்கில் வெளியேறி, உறை விறைத்து வெடிக்கிறது. சூட்டில் சிதையும் பி.வி.சி. ஹைட்ரஜன் குளோரைடையும் விடும். வெடிப்பில் ஈரமும் சேர்ந்தால் செம்பில் பச்சைக் களிம்பு பிடிக்கிறது. லக்குக்குள் நசுக்கிப் பிடிக்க வைத்த (கிரிம்ப் செய்த) இடத்தில் களிம்பு ஊர்ந்தால், இழைகள் இருந்தும் தொடர்பு இல்லை. மிச்சம் இருக்கும் இழைகளை அதிர்வு ஒவ்வொன்றாக ஒடிக்கும்.

இன்னொரு வயர் கண்ணுக்கே படாது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள், வெளி முனையிலிருந்து பாயின்ட்டுக்குப் போகும் குட்டி வயர். பாயின்ட் உட்கார்ந்திருக்கும் தட்டை, தீப்பொறி வரும் நேரத்தை மாற்றும் வேக்குவம் அட்வான்ஸ் இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே இருப்பதால் இந்த வயர் ஓயாமல் வளைகிறது. உறை முழுசாக இருக்க, உள்ளே இழைகள் அறுந்து கிடக்கும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் மட்டும் மிஸ்ஸிங் அடித்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். இங்கே மிக மெல்லிய இழைகள் கொண்ட, துவளும் வயர்தான் போட வேண்டும்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கும் அங்கிருந்து பிளக்குகளுக்கும் போகும் தடித்த பிளக் வயரை ஓம்மீட்டரில் அளந்து பாருங்கள். கார்பன் நார் வைத்த வயராக இருந்தால் பத்தாயிரம் ஓம் காட்டலாம், நல்ல புது வயரே! ரேடியோவில் கரகரப்பு வராமல் இருக்க வேண்டுமென்றே வைத்த தடை அது. 12 வோல்ட் பக்கம் ஒரு ஓம் தாங்காத அமைப்பு, இந்தப் பக்கம் பத்தாயிரத்தை எப்படித் தாங்குகிறது? தீப்பொறி தாவும் முன்பு பிளக்கில் மின்னோட்டம் ஏறக்குறைய இல்லை. மின்னோட்டம் இல்லாத இடத்தில் தடைக்கு வேலை இல்லை. முழு வோல்ட்டும் பிளக் முனைக்கு வந்து சேரும். தாவிய பிறகும் ஓடுவது 40 மில்லி ஆம்பியர் அளவுதான், அதாவது முதன்மைச் சுருளில் ஓடியதில் நூறில் ஒன்று. அதனால் இழப்பது 400 வோல்ட், கலவை பற்றிய பிறகு.

இந்தப் பக்கத்துக்கு எதிரி ஓம் அல்ல, உறையின் வெடிப்பு. முப்பதாயிரம் வோல்ட்டுக்கு பிளக் இடைவெளியைவிடச் சுலபமான வழி ஒன்று, ஈரம் படிந்த பழைய வயர் மேலாகக் கிடைத்தால் அப்படியே போய்விடும். இருட்டில் பானெட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டு வயர் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்தால், கசியும் இடத்தில் நீலப் பொறி தெரியும். பல ஊர்களில் மழை இரவில் வண்டி நின்றுபோகும் புளியமரம் ஒன்று இருக்கும். மரத்தில் என்ன இருக்கிறது என்று கதையும் இருக்கும். மரத்தடிச் சாலை பெரும்பாலும் பள்ளமாகித் தண்ணீர் தேங்கியிருக்கும். ரேடியேட்டர் விசிறி அந்தத் தண்ணீரை வாரி டிஸ்ட்ரிபியூட்டர் மூடிமேல் அடிக்கிறது. சிறிது நேரத்தில் எஞ்சின் சூட்டில் காய்ந்ததும் வண்டி எழுந்துவிடும், அதற்குள் யாராவது ஒரு எலுமிச்சம்பழம் நசுக்கியிருப்பார்கள். பழத்துக்குப் பெயர் கிடைக்கும்.

வயர் மாற்றப் போகிறவர்களுக்கு. ஓம்மீட்டரை நம்பாமல் வோல்ட்மீட்டரை எடுங்கள். இக்னிஷனைப் போட்டு, பாயின்ட் மூடிய நிலையில், பேட்டரியின் பாசிட்டிவுக்கும் காயிலின் சுவிட்ச் பக்க முனைக்கும் இடையே அளந்தால், அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. அடுத்து காயிலின் மறுமுனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே; இது இன்னும் குறைவாக இருக்க வேண்டும். சட்டென்று அளந்துவிட்டு சாவியை அணையுங்கள். நின்ற எஞ்சினில் மூடிய பாயின்ட்டோடு விட்டால் காயில் 48 வாட் அடுப்பாகிவிடும். புது வயர் ஒன்றரை சதுர மில்லிமீட்டர், பல இழை. வீட்டு ஒயரிங்கில் மிஞ்சிய ஒற்றைக் கம்பியை அதிர்வு ஒடித்துவிடும்.

மாற்றும்போது முனைகளை இடம் மாற்றிவிடாதீர்கள். மாற்றிக் கொடுத்தாலும் வண்டி ஓடும் என்பதுதான் ஆபத்து. பிளக்கின் நடுமுனை நெகட்டிவாக இருக்கும்படி காயில் சுற்றப்பட்டிருக்கிறது. சூடாக இருக்கும் முனையிலிருந்து எலக்ட்ரான்கள் சுலபமாகக் கிளம்பும். பிளக்கில் அதிகம் சூடாவது நடுமுனைதான். தலைகீழாக்கினால் அதே தீப்பொறிக்குக் கூடுதல் வோல்ட் தேவைப்படும். பிரிட்டிஷ் வழி வந்த வண்டிகளில் சுவிட்சிலிருந்து வருவது வெள்ளை வயர், டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போவது கறுப்புக் கோடு போட்ட வெள்ளை.

1970களின் சில பிரிட்டிஷ் கார்களை வைத்திருப்பவர்கள் மட்டும் கத்தரியைக் கொஞ்சம் கீழே வையுங்கள். அவற்றில் காயில் ஒன்றரை ஓம்தான்; மீதி ஒன்றரை ஓமைச் சுவிட்சிலிருந்து வரும் வயருக்குள்ளேயே தடைக்கம்பியாக வைத்திருப்பார்கள். ஸ்டார்ட்டர் சுற்றும்போது இந்தத் தடையைத் தாண்டி நேராகக் காயிலுக்கு மின்சாரம் போகும், 9 வோல்ட்டிலும் நல்ல தீப்பொறி வருவதற்காக. "பழைய வயர், ஓம் காட்டுகிறது" என்று அதை எடுத்துவிட்டுச் செம்பு வயர் போட்டால் காயில் 8 ஆம்பியர் இழுத்து, பாயின்ட்டும் தானுமாகக் கருகும். முதலில் காயிலை அளந்துவிட்டு, அப்புறம் வயரைத் தொடுங்கள்.