சொல் விளக்கம்: கேங்கு

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்ட மேல்நிலைப் பள்ளிகளின் ஆசிரியர் அறையில் நாள்தோறும் புழங்கினாலும் எந்தப் பதிவேட்டிலும் ஏறாத சொல் 'கேங்கு'; ஆங்கில 'gang' என்பதன் தமிழ் ஒலிப்பு. "அவன் அந்த கேங்கு சார்" என்று உடற்கல்வி ஆசிரியர் சொன்னால், தலைமையாசிரியர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் "நாளைக்கு அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா" என்று பையனிடம் சொல்லிவிடுகிறார். அந்த ஒரு சொல் எதையெல்லாம் குறிக்கிறது, அதற்கு நேரான தமிழ்ச் சொல் எது என்பதை இங்கே பார்க்கலாம்.

பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லுக்குப் போதல், வழி என்பனவே பொருள். கப்பலில் ஏறி இறங்கும் நடைபாலத்தின் பெயரான 'கேங்வே' அந்தப் பொருளை இன்றும் தாங்கி நிற்கிறது. ஒன்றாக எடுத்துச் செல்லும் கருவித் தொகுதியையும், பின்னர் ஒன்றாக வேலைக்குச் செல்லும் ஆட்களையும் குறித்த பிறகு, 17ஆம் நூற்றாண்டில் தீய நோக்கத்தோடு கூடியவர்களையும் அது குறிக்கலாயிற்று. நம் ஊருக்கு அது வேலைப் பொருளோடுதான் வந்தது. காட்பாடி, ஜோலார்பேட்டை, அரக்கோணம் என்று இருப்புப்பாதைச் சந்திப்புகள் நிறைந்த பழைய வடாற்காட்டில், தண்டவாளத்தைப் பராமரித்த கேங்மேனைத் தெரியாதவர் இல்லை. தமிழக மின்வாரியம்கூட 2019இல் 5,000 'கேங்மேன்' பணியிடங்களுக்கு விண்ணப்பம் கேட்டது. தாத்தா கேங்கில் இருந்தார் என்றால் மாதச் சம்பளம், பேரன் கேங்கில் இருக்கிறான் என்றால் புகார்!

குற்றப் பொருளில் இச்சொல்லை முறையாக ஆராய்ந்தவர்களுள் முன்னோடி அமெரிக்கச் சமூகவியலாளர் பிரடெரிக் திராஷர். சிகாகோவில் 1,313 கேங்குகளைப் பற்றிய தம் ஆய்வை 1927இல் வெளியிட்ட அவர், இக்குழுக்கள் திட்டமிட்டு உருவாவதில்லை என்றும், தாமாகக் கூடிய பிள்ளைகள் பிறரோடு நேரும் மோதலால்தான் இறுகுகிறார்கள் என்றும் கண்டார். இன்று அமெரிக்காவில் பரவலாக ஏற்கப்படும் வரையறை, மூவர் அல்லது அதற்கு மேற்பட்டோர், பெரும்பாலும் 12 முதல் 24 வயதுக்குள் இருப்போர், தமக்கென ஒரு பெயரோ நிறமோ குறியோ உடையோர், தம்மை ஒரு கேங்காகக் கருதுவோர், ஓரளவு நிலைத்திருப்போர், குற்றச் செயலில் ஈடுபடுவோர் என்று அடுக்குகிறது. கடைசி நிபந்தனையை விட்டுவிட்டால் எந்த வகுப்பின் கடைசிப் பெஞ்சும் கேங்காகிவிடும். ஒஹையோ மாநில நகரங்களை 1980களில் ஆராய்ந்த குற்றவியலாளர் ரொனால்டு ஹஃப் வேறொன்றைக் கவனித்தார். நகர அதிகாரிகள் கேங்கே இல்லை என்று மறுத்துவந்த காலத்தில் பாதிப்பு கூடியது, குறிப்பாகப் பள்ளிகளில்.

அந்த மறுப்பை நம் பள்ளிகளிலும் காணலாம். கேங்கு இருக்கிறது என்ற பேச்சு வெளியே போனால் ஜூன் மாதச் சேர்க்கை குறையும் என்பது தலைமையாசிரியரின் கவலை. வகுப்பாசிரியருக்குத் தெரிவதெல்லாம் வருகைப் பதிவேட்டில் ஒரே நாளில் விழும் நான்கைந்து விடுப்புக் குறிகள். உண்மையில் அதிகம் பார்ப்பவர் வாட்ச்மேன். மாலை மணி அடிப்பதற்குச் சற்று முன்பே நம்பர் பிளேட் இல்லாத பைக்கில் மூவராக வந்து, எதிரிலுள்ள ஜெராக்ஸ் கடை ஓரம் நிற்கும் வெளியாட்களை அவர் அறிவார். காலையில் தண்ணீர்க் குழாயடியில் நடந்த தள்ளுமுள்ளுக்காக எந்தப் பையன் "ஏரியா ஆளுங்களைக் கூட்டினு" வந்திருக்கிறான் என்பதையும் அறிவார். ஆனால் ஆசிரியர் கூட்டத்தில் வாட்ச்மேனுக்கு நாற்காலி போடுவதில்லை.

இனித் தமிழ்ச் சொற்கள். அகராதியைப் பார்ப்பவர் முதலில் எடுப்பது 'கும்பல்'. குவி, குமி என்பவற்றோடு உறவுடைய இச்சொல்லுக்குத் திரள் என்பதே அடிப்படைப் பொருள். செய்தித்தாள்கள் கொள்ளைக் கும்பல் என்று எழுதினாலும், வேலூர்ப் பேச்சில் "பஸ்ஸுல ஒரே கும்பல்" என்றால் நெரிசல் என்றுதான் பொருள். குற்றத்தின் சாயல் அதில் இல்லாததால்தான் இப்பகுதி ஆசிரியர்கள் கேங்கை நாடினார்கள் என்பது என் கருத்து. 'ஜமா' என்பது ஒன்றுகூடுதலைக் குறிக்கும் அரபு வேரிலிருந்து வந்தது. தாலுகா அலுவலகத்தில் ஜமாபந்தியாகவும், வடாற்காட்டுத் தெருக்கூத்தில் ஆடும் குழுவின் பெயராகவும் மதிப்போடு வாழும் அச்சொல், பையன்கள் "ஜமாவா சுத்தறானுங்க" என்னும்போது வெறும் சகவாசத்தைத்தான் குறிக்கிறது. 'செட்டு' என்பதும் அப்படியே.

'கோஷ்டி' வேறு வகை. பெருமாள் கோயிலில் பிரபந்தம் ஓதும் கோஷ்டியிலிருந்து கட்சிக் கோஷ்டிப் பூசல் வரை அது நெடுந்தூரம் வந்துவிட்டது. எதிரே இன்னொரு கோஷ்டி இல்லாமல் ஒரு கோஷ்டி நிற்காது. மோதலால் இறுகும் குழு என்று திராஷர் சொன்னதற்கு நம் வழக்கில் மிக நெருங்கிய சொல் இதுவே.

பழைய சான்று வேண்டுவோர் குறளின் நாடு அதிகாரத்தைப் பார்க்கலாம். "பல்குழுவும் பாழ்செய்யும் உட்பகையும் வேந்தலைக்கும் கொல்குறும்பும் இல்லது நாடு" என்பது 735ஆம் குறள். அங்கே குறும்பு என்பது அரசையே அலைக்கழித்த கொலைத் தொழில் குறுநிலக் கூட்டம். இன்றோ அது ஆறாம் வகுப்புப் பையன் பக்கத்துப் பெண்ணின் சடையை இழுப்பது! குழு என்பதும் பள்ளி மேலாண்மைக் குழுவாகி அரசு முத்திரை பெற்றுவிட்டதால், தனியே நின்று கேங்கின் பொருளைத் தராது.

ஆகவே ஒரே சொல்லைத் தேடாமல், பொருளைப் பிரித்துக்கொள்வதே சரி. சேர்ந்து திரியும் நண்பர்கள் செட்டு அல்லது சேர்க்கை. இரு தரப்பாக முறைத்துக்கொள்வோர் கோஷ்டி. ஆயுதம், மிரட்டல், பணப்பறிப்பு என்று இறங்கியவர்கள் வன்குழு. ஆய்வுகளை மொழிபெயர்ப்போர் இளையோர் வன்குழு என்று எழுதினால் வரையறையின் கடைசி நிபந்தனையும் சொல்லுக்குள் வந்துவிடும்.

இந்தப் பிரிவினையால் வெளிப்படும் இன்னொன்றும் உண்டு. கையில் ஒரே நிறக் கயிறு கட்டி ஒரே தெருவிலிருந்து வரும் பிள்ளைகளையும் ஆசிரியர்கள் கேங்கு என்றே சொல்லிக் கடக்கிறார்கள். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் சாதி வெறியால் ஒரு பள்ளி மாணவர் சக மாணவர்களால் வெட்டப்பட்ட சம்பவத்துக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் இத்தகைய கயிறுகளைத் தடை செய்யப் பரிந்துரைத்தது. அங்கே இருப்பது சாதிக் கோஷ்டி. கேங்கு என்னும் சொல் அந்தச் சாதியை வசதியாக மறைத்துவிடுகிறது.

சட்டத்தின் சொற்களும் கவனிக்கத்தக்கவை. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 189ஆம் பிரிவு ஐவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் குற்ற நோக்கத்தோடு கூடுவதைச் சட்டவிரோதக் கூட்டம் என்கிறது. ஆனால் 18 வயது நிரம்பாதவரை 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டம் குற்றவாளி என்று அழைப்பதில்லை. சட்டத்தோடு முரண்பட்ட சிறார் என்றே அழைக்கிறது, அவருடைய அடையாளத்தை வெளியிடுவதையும் தடுக்கிறது. பையன்களின் சண்டைக் காணொளியை "எங்க ஸ்கூல் கேங்கு" என்ற குறிப்போடு வாட்ஸ்அப்பில் பகிரும் ஆசிரியர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

பெண்கள் பள்ளிகளில் மட்டும் இச்சொல் அவ்வளவாகக் கேட்பதில்லை. பேசாமல் ஒதுக்குவதும், கழிப்பறை வாசலில் மறித்து மிரட்டுவதும் அங்கேயும் உண்டு என்றாலும், ஆசிரியைகள் அதைக் 'குரூப்பு' என்று சொல்லிச் சிரித்துக் கடந்துவிடுகிறார்கள். மறித்து மிரட்டுவது ஆண்கள் பள்ளியில் வன்குழுவின் செயல் என்றால், பெண்கள் பள்ளியின் கோப்பிலும் அதே சொல்லைத்தான் எழுத வேண்டும்.