ரசமட்டம் பார்த்தீர்களா?

செயற்கைக்கோளுக்கான ஹீட் பைப்பை (ஒரு முனையில் திரவத்தை ஆவியாக்கி, மறுமுனையில் குளிரவைத்து வெப்பத்தைக் கடத்தும் மூடிய குழாய்) சோதனை மேடையில் வைத்ததும் ரசமட்டத்தைத்தான் முதலில் தேடுவோம். மில்லிமீட்டர் கணக்கில் சரிவு பார்ப்போம். சூடேற்றும் முனை கொஞ்சம் தாழ்ந்திருந்தாலும் போதும், குளிர்ந்து திரவமான அம்மோனியாவைப் புவியீர்ப்பே அங்கு கொண்டுவந்து சேர்த்துவிடும். திரவத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டிய உட்சுவரின் நுண்பள்ளங்கள் சரியாக இழுக்காவிட்டாலும் ரிப்போர்ட் பிரமாதமாக வரும். மேலே போன பிறகு அந்த உதவி கிடையாது.

வெப்பத்தை வெளியேற்ற இவ்வளவு பாடுபட்டு ஏன் திரவத்தைக் கொதிக்கவிட வேண்டும்? ஒரு கிலோ தண்ணீரை 10 டிகிரி சூடாக்க 42 கிலோஜூல் போதும். கொதிநிலையில் அதை முழுக்க ஆவியாக்க சுமார் 2,257 கிலோஜூல் வேண்டும். அத்தனை வெப்பத்தையும் அந்த ஒரு கிலோவே சுமந்து போகும். பம்ப், குழாய் எல்லாம் சிறிதாகிவிடும். ஆனாலும் சர்வதேச விண்வெளி நிலையத்தின் வெளிப்புறக் குளிரூட்டும் சுற்றில் அம்மோனியா திரவமாகவேதான் ஓடுகிறது. அந்தத் தயக்கத்தில் நியாயம் உண்டு.

அடுப்பில் இருக்கும் பாத்திரத்தில் குமிழி தானாக மேலே கிளம்பிவிடும், அந்த இடத்துக்குத் திரவம் வந்துவிடும். சுற்றுப்பாதையில் குமிழிக்கு மேல், கீழ் தெரியாது. பிறந்த இடத்திலேயே பருத்து, பக்கத்துக் குமிழியோடு சேர்ந்து, சுவரை ஆவியால் மூடிவிடும். திரவம் தொடாத சுவரில் வெப்பநிலை சட்டென்று எகிறும். அப்புறம் எலெக்ட்ரானிக்ஸ் போச்சு.

இதற்குக் கைகொடுப்பது ஓட்ட வேகம். வேகமாகத் தள்ளினால் குமிழி வளருமுன்பே அடித்துச் செல்லப்படும். எலெக்ட்ரானிக்ஸைக் குளிர்விப்பதற்கான எஃப்சி-72 திரவத்தை வைத்துச் செய்த ஆய்வுகளில் விநாடிக்கு சுமார் 1.5 மீட்டருக்கு மேல் புவியீர்ப்பின் பங்கு மங்கிவிட்டது. அதே எண்ணை அம்மோனியாவுக்கு எடுத்துப்போடக் கூடாது. கூடுதல் வேகத்துக்குப் பம்ப் கூடுதல் மின்சாரம் கேட்கும் என்பதும் உண்டு.

சென்னை ஐஐடியில் கருவியை மேலிருந்து விழவிட்டுச் சோதிக்கும் விழுகோபுரம் தரும் எடையின்மை 2.5 விநாடி, வளைவாக ஏறி இறங்கும் விமானம் தருவது இருபது விநாடிக்குச் சற்று மேல். கொதிக்கும் சுற்று நிலைக்கு வர அது பெரும்பாலும் போதாது. பர்டூ பல்கலைக்கழகமும் நாசாவும் 2021-ல் தங்கள் கொதிப்புச் சோதனைக் கருவியை விண்வெளி நிலையத்துக்கே அனுப்பியது இதற்காகத்தான்.

கல்லூரிகளில் சிறு செயற்கைக்கோள் செய்பவர்களுக்கு அந்த வசதி இருக்காது. சரி, தரையிலேயே ஒன்று செய்யலாம். பம்ப் வைத்த சுற்று என்றால் ஓட்டத்தை மேல்நோக்கி, கீழ்நோக்கி, படுக்கைவாட்டில் என மூன்று விதமாகவும் ஓட்டிப் பாருங்கள். சுவர் வெப்பநிலை மூன்றிலும் ஒத்துப்போனால் அந்த வேகத்தில் புவியீர்ப்பு பெரிதாகத் தலையிடவில்லை என்று கொள்ளலாம். கீழ்நோக்கிய ஓட்டத்தில் மட்டும் தடுமாறினால், மற்ற இரண்டின் ரிப்போர்ட்டை நம்பி ஏவ வேண்டாம்.