ஃபீட்பேக்: பின்னூட்டமா, விமர்சனமா, நிறைகுறையா?

ஒரு படத்தைப் போட்டுவிட்டு "ஃபீட்பேக் ப்ளீஸ்" என்று கேட்பது அமெச்சூர் போட்டோகிராபர்களிடம் ஊறிப்போன வழக்கம். வருகிற பதில் பெரும்பாலும் "செம", "வேற லெவல் ஜி". பாராட்டு யாருக்குத்தான் கசக்கும்? ஆனால் அந்தச் சொல்லின் பூர்வீகத்தைப் பார்த்தால் இதையெல்லாம் ஃபீட்பேக் கணக்கில் சேர்ப்பது கஷ்டம்.

பிறந்த இடம் மின்பொறியியல். ஒரு கருவியிலிருந்து வெளியே போவதில் ஒரு பங்கை எடுத்து அதே கருவிக்குள் திருப்பி விடுவதுதான் ஃபீட்பேக். கல்யாண மண்டபத்தில் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனால் 'கீ...' என்று காதைக் கிழிக்கிறதே, அது பாசிட்டிவ் ஃபீட்பேக். போன சத்தமே உள்ளே வந்து பெருகி, மறுபடி போய், மறுபடி வந்து கடைசியில் கத்தல் மட்டும்தான் மிஞ்சும். நெகட்டிவ் ஃபீட்பேக் இதற்கு நேரெதிர். தொலைதூரப் போன் இணைப்புகளில் குரலைப் பெருக்க வேண்டிய ஆம்ப்ளிஃபயர்கள் அதைச் சிதைத்துக்கொண்டிருந்த காலத்தில், பெல் ஆய்வகத்துப் பொறியாளர் ஹரால்டு பிளாக் 1927 ஆகஸ்ட் 2 அன்று காலை ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்து வேலைக்குப் போகும்போது, கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் தாளிலேயே அதை வரைந்து சமன்பாட்டையும் எழுதிவிட்டார். வெளியே வருவதில் கொஞ்சத்தைத் தலைகீழாக்கி உள்ளே விட்டால் பெருக்கம் குறையும், கூடவே சிதைவும் குறையும். அப்புறம் 1948இல் கணிதவியலாளர் நார்பர்ட் வீனர், கட்டுப்பாட்டையும் தகவல் தொடர்பையும் பற்றிய தன் சைபர்நெட்டிக்ஸ் நூலில் இதே கருத்தை உயிர்களுக்கும் பொருத்திப் பேச, ஃபீட்பேக் மெல்ல ஆபீசுக்கும் வகுப்பறைக்கும் வந்து சேர்ந்தது.

ஆக, திட்டு என்ற அர்த்தத்தில் நாம் சொல்லும் 'நெகட்டிவ் ஃபீட்பேக்' பொறியாளருக்கு நல்ல பிள்ளை. "செம ஜி"தான் மைக் கத்தல்.

தமிழில் பின்னூட்டம் என்பது நேரடி ஆக்கம்: பின்னால் திருப்பி ஊட்டுவது. நல்ல சொல்தான், ஆனால் 2000களில் தமிழ் வலைப்பதிவர்கள் கமென்ட் எல்லாவற்றையும் பின்னூட்டம் என்றே எழுதிப் பழகியதில் பொருள் நீர்த்துவிட்டது, 'பின்னால் வந்து எழுதுவது' என்றே பலர் எடுத்துக்கொள்கிறார்கள். எடுத்தவரின் அடுத்த படத்தை மாற்றக்கூடிய பதிலுக்கு மட்டும் இந்தச் சொல்லை வைத்துக்கொண்டால் பழைய பொருள் திரும்பும்.

போட்டோ கிளப்புகளில் கூடவே புழங்கும் இன்னொரு சொல் கிரிட்டிக். கிரேக்கத்தில் 'கிரினெய்ன்' என்றால் பிரித்தறிவது, முடிவு சொல்வது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. இதற்கு விமர்சனம் என்று எழுதுகிறோம். அது வடசொல், தொட்டுப் பார்ப்பது, ஆராய்வது என்ற வேரிலிருந்து வந்தது. வேர் மென்மையானதுதான், ஆனால் "எதிர்க்கட்சித் தலைவர் கடும் விமர்சனம்" என்று படித்துப் படித்து இன்று அந்தச் சொல் கேட்டாலே அடிவாங்கப் போகிறோம் என்று தோன்றுகிறது. திறனாய்வு சரியான பொருள் தரும், ஆனால் முனைவர் பட்ட வாசம் அடிக்கும். ஒரு படத்துக்கு, என்னைக் கேட்டால், நிறைகுறை போதும். "நிறைகுறை சொல்லுங்க" என்று யாரிடமும் கேட்கலாம், நிறை முதலில் வருவதால் சொல்பவரும் அங்கிருந்தே தொடங்குவார்.

உதாரணத்துக்கு, அடையாறு முகத்துவாரத்து உடைந்த பாலம். கருப்பு வெள்ளை, ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் போட்டு, ஷட்டரை நெடுநேரம் திறந்து வைத்த நீண்ட எக்ஸ்போஷர், தண்ணீர் பனிமூட்டம் மாதிரி. சென்னையில் கேமரா வாங்கியவர்கள் நிறையப் பேர் எடுத்திருக்கும் படம். "கம்போசிஷன் சரியில்லை" என்பது நிறைகுறை ஆகாது. "பாலம் முடியும் இடத்தில் கான்கிரீட்டும் வானமும் ஒரே சாம்பல், அதனால் உடைந்த விளிம்பே தெரியவில்லை, தூண்களைச் சுற்றி வெள்ளைக் கோடு ஓடுகிறது, விளிம்புகளைத் துலக்கும் கிளாரிட்டியை அதிகம் இழுத்திருக்கிறீர்கள், தண்ணீரின் வழவழப்பு அந்தச் சொரசொரப்பான கான்கிரீட்டுக்கு நன்றாக எடுபடுகிறது" என்பது நிறைகுறை. கேட்டவர் உடனே படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூமைத் திறந்து பார்க்கலாம்.

ஃபைன் ஆர்ட் என்னும் நுண்கலைப் படத்தில் ஒரு சிக்கல் கூடுதலாக உண்டு. விளிம்பு கரைய வேண்டும் என்பதே எடுத்தவரின் எண்ணமாக இருந்தால் மேலே சொன்ன முதல் குறை குறையே இல்லை. பிரிட்டனின் ராயல் போட்டோகிராபிக் சொசைட்டி தன் அசோசியேட் தகுதிக்கு 15 படங்களோடு நோக்கக் குறிப்பு ஒன்றையும் கேட்பது இதனால்தான். நடுவர்கள் படங்களை அந்தக் குறிப்போடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். நம் ஊரில் "படமே பேசணும்" என்று வாய்ப்பூட்டு போட்டுவிடுவார்கள். பேசட்டும், ஆனால் கேட்பவர் நோக்கத்தை ஒரு வரி எழுதிவிட்டால் சொல்பவருக்குப் பாதி வேலை மிச்சம்.

எழுதும்போது: வெறும் பதிலுக்குக் கருத்து, படத்தை எடைபோட்டுச் சொல்வதற்கு நிறைகுறை, அதைக் கேட்டு மறுபடி எடுத்துவந்து காட்டுவதுவரை நீளும் உரையாடலுக்குப் பின்னூட்டம். 'பின்னூட்டல்' என்றும் சிலர் எழுதுகிறார்கள், அதுவும் தவறில்லை. 'பின்னோட்டம்' மட்டும் வேண்டாம், அது வேறு பக்கம் ஓடிவிடும்.